இசையில் முதுநிலைப் பட்டம்: எந்தப் படிப்பு, எந்த ஆசிரியர், கையிலிருந்து எவ்வளவு

இசையில் முதுநிலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் வேலை கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் இழுக்கும். அதில் பெரும்பகுதி வாத்தியத்தோடு போவதில்லை. கடிதம், வீடியோ, சான்றிதழ், கட்டணம், காத்திருப்பு என்றே போகிறது. இதையெல்லாம் நான் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். தகவல்கள் வெளியே இருக்கின்றன. ஆனால் பாதி சேர்க்கை அலுவலகத்தின் பக்கத்திலும், பாதி கட்டண அலுவலகத்தின் பக்கத்திலும், முக்கியமானவை பழைய மாணவர்களின் வாயிலும் இருக்கின்றன. நீங்கள் அந்த அலைச்சல் இல்லாமல் வாசிப்பில் கவனம் செலுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளை மையமாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் விதிகளிலும் செலவிலும் அங்கேதான் வித்தியாசங்கள் அதிகம். பிரிட்டனும் ஜெர்மனியும் எங்கே மாறுபடுகின்றன என்று இடையிடையே சொல்கிறேன்.

1. முதலில் எந்தப் பட்டம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே பள்ளி நான்கைந்து விதமான முதுநிலைப் படிப்புகளை நடத்தும். பெயர்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது வேறு.

எம்.எம். (மாஸ்டர் ஆஃப் மியூசிக்) என்பது வாசிப்பு, பாட்டு, இசையமைப்பு, கண்டக்டிங் (இசைக்குழுவை நடத்துவது) போன்றவற்றில் பயிற்சியை மையமாகக் கொண்டது. பெரும்பாலும் இரண்டு வருடம். அமெரிக்காவில் இசைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ஸ்கூல்ஸ் ஆஃப் மியூசிக் அமைப்பு, முதுநிலைக்குக் குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட் (பாட அலகு) வேண்டும் என்கிறது. எம்.ஏ. பொதுவாக ஆய்வுப் பக்கம்: இசை வரலாறு, இசைக் கோட்பாடு, இன இசையியல் (பல்வேறு சமூகங்களின் இசையை ஆராய்வது). ஆர்ட்டிஸ்ட் டிப்ளமா, பெர்ஃபார்மன்ஸ் டிப்ளமா என்று வருபவற்றில் வகுப்புகள் குறைவு, வாசிப்பு அதிகம். ஆர்க்கெஸ்ட்ரா தேர்வுக்கோ போட்டிகளுக்கோ தயாராகிறவர்களுக்கு இவை மிக நல்ல இடம். ஆனால் டிப்ளமா என்பது பட்டமல்ல. கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை உங்கள் எண்ணத்தில் இருந்தால், அல்லது பிறகு டி.எம்.ஏ. (இசைக் கலையில் முனைவர் பட்டம்) முடிக்க ஆசை இருந்தால், எம்.எம். பக்கம் போவதுதான் பாதுகாப்பு.

பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பவர்கள் ஒன்றைத் தனியாகக் கேட்க வேண்டும். இசைக் கல்வியில் முதுநிலைப் பட்டம் வாங்கினாலே ஆசிரியர் உரிமம் கிடைத்துவிடாது. உரிமத்தோடு சேர்ந்த படிப்பு, உரிமம் இல்லாத படிப்பு என்று இரண்டும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள்.

பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் எம்.ஏ., எம்.மியூஸ். பெரும்பாலும் ஒரே வருடம். கன்சர்வேட்டரிகளில் (இசைக்கென்றே உள்ள கல்லூரிகளில்) இரண்டு வருடப் படிப்பும் உண்டு. ஸ்பெயினின் வலென்சியாவில் பெர்க்லி நடத்தும் முதுநிலைப் படிப்புகளும் ஒரு வருடம்தான். ஒரு வருடம் என்றதும் செலவு பாதி என்று தோன்றும், அது உண்மையும்கூட. ஆனால் அடுத்து முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள், புது ஆசிரியரிடம் சேர்ந்து இரண்டே மாதத்தில் அடுத்த விண்ணப்பத்துக்கு வீடியோ எடுக்க வேண்டியிருக்கும். அந்த ஆசிரியர் கற்றுக்கொடுத்தது விரலில் இறங்குவதற்குள் அடுத்த தேர்வு வந்துவிடும். ஏற்கெனவே கை நன்றாகப் பழுத்தவர்களுக்கே ஒரு வருடப் படிப்பைச் சொல்வேன். வாசிப்பு நுட்பத்தை அடியிலிருந்து மாற்ற நினைப்பவர்கள் இரண்டு வருடத்தைப் பாருங்கள்.

2. ஆசிரியரைத் தேடுங்கள், பள்ளி பிறகு

வாசிப்பு அல்லது பாட்டில் பட்டம் என்றால், இரண்டு வருடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நீங்கள் ஒரே ஒரு மனிதரின் எதிரில் நிற்கப் போகிறீர்கள். மற்ற எல்லாமே அந்த ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான். அதனால் பள்ளிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஆசிரியரைத் தேடாமல், ஆசிரியர்களின் பட்டியலை வைத்துப் பள்ளியைத் தேடுங்கள். யாருடைய மாணவர்களின் வாசிப்பு உங்களுக்குப் பிடிக்கிறது? ஆசிரியர் மேடையில் எப்படி வாசிக்கிறார் என்பதைவிட, அவருடைய மாணவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்பது முக்கியம். பல பள்ளிகள் மாணவர்களின் பட்டக் கச்சேரிகளை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்புகின்றன. ஒரே ஆசிரியரின் நான்கு மாணவர்களைக் கேளுங்கள். நால்வரும் அச்சடித்தது போல ஒரே மாதிரி வாசித்தால் யோசியுங்கள். நால்வரும் வெவ்வேறு விதமாக, ஆனால் நால்வரும் சுத்தமாக வாசித்தால், அது நல்ல அடையாளம்.

அடுத்து அவருக்கு மின்னஞ்சல். ஐந்தாறு வரி போதும்: நீங்கள் யார், யாரிடம் படித்தீர்கள், எந்த வருடம் சேர நினைக்கிறீர்கள், ஒரு வீடியோ இணைப்பு, ஒரு சோதனைப் பாடம் எடுக்க முடியுமா என்ற கேள்வி. விண்ணப்பத்துக்கு முந்தைய வசந்தகாலத்திலோ கோடையிலோ எழுதுங்கள். நவம்பரில் எழுதினால் அவருக்கு அதேபோல எக்கச்சக்கமான கடிதங்கள் வந்து குவிந்திருக்கும். சிலர் சோதனைப் பாடத்துக்குப் பணம் வாங்குவார்கள், சிலர் வாங்கமாட்டார்கள். முன்பே கேட்டுவிடுங்கள். நேரில் போக முடியாவிட்டால் இணையம் வழியாகவும் எடுக்கலாம். ஒலியின் நிறம் அதில் சரியாகப் போய்ச் சேராது, ஆனால் கற்பிக்கும் முறை தெரிந்துவிடும்.

பாடத்துக்கு நன்றாகப் படிந்த ஓர் உருப்படியும், இன்னும் பிடிபடாத ஓர் உருப்படியும் கொண்டுபோங்கள். இரண்டாவதில்தான் ஆசிரியரைப் பார்க்க முடியும். நான் உட்கார்ந்து கேட்ட ஒரு வயலின் பாடத்தில், ஆசிரியர் முதல் எட்டு பாரை (தாளக் கட்டங்களை) தாண்டவே விடவில்லை. வில் நுனிக்குப் போகும்போது ஒலி மெலிவதைக் கேட்டார். விளக்கம் எதுவும் சொல்லாமல், வலது ஆள்காட்டி விரலின் எடையை மட்டும் மாற்றச் சொன்னார். ஒலி நிமிர்ந்தது. உடனே பாராட்டி அடுத்ததற்குப் போகவில்லை. அதே எட்டு பாரை அந்த மாணவி தானாகவே மறுபடி அப்படி வாசிக்கும்வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைத்தான் நீங்கள் தேட வேண்டும். பாடம் முழுக்கத் தன் கச்சேரி அனுபவங்களையே சொல்லி முடிப்பவரும் உண்டு. சுவையாகத்தான் இருக்கும், ஆனால் அறையை விட்டு வெளியே வரும்போது உங்கள் வாசிப்பில் எதுவும் மாறியிருக்காது.

பாடம் முடிந்ததும் தயங்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு. அடுத்த இரண்டு வருடமும் இங்கேயே இருப்பீர்களா, ஓய்வோ நீண்ட விடுப்போ இருக்கிறதா? வாராந்தரப் பாடத்தை நீங்களே எடுப்பீர்களா, உதவியாளர் எடுப்பாரா? கச்சேரிப் பயணத்தால் விடுபடும் பாடங்களை எப்படி ஈடுசெய்வீர்கள்? உங்கள் ஸ்டூடியோவில் (உங்களிடம் படிக்கும் மாணவர் குழுவில்) இப்போது எத்தனை பேர், இந்த வருடம் எத்தனை இடம் காலியாகிறது? கடைசிக் கேள்வி மிக முக்கியம். சில வருடங்களில் ஓர் ஆசிரியரிடம் ஒரே ஓர் இடம்தான் காலியாகும். அதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

பிறகு அவருடைய மாணவர்கள் இருவருடனாவது தனியாகப் பேசுங்கள். ஆசிரியரைப் பற்றி நேரடியாகக் கேட்டால் எல்லோரும் நல்லதாகத்தான் சொல்வார்கள். "போன மாதம் எத்தனை பாடம் நடந்தது?" என்று கேளுங்கள். "பயிற்சி அறை மாலையில் கிடைக்கிறதா?" என்று கேளுங்கள். உண்மை அப்படித்தான் வெளியே வரும்.

பொறி: பள்ளியில் இடம் கிடைப்பதும் நீங்கள் கேட்ட ஆசிரியரிடம் இடம் கிடைப்பதும் ஒன்றல்ல. விண்ணப்பத்தில் ஆசிரியர் விருப்பத்தை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். சேர்க்கைக் கடிதத்தில் ஆசிரியர் பெயர் இல்லையென்றால், ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இசையமைப்புக்குப் போகிறவர்களுக்குக் கேள்வி வேறு. நான் எழுதுவதை யார் வாசிப்பார்கள்? வருடத்துக்கு எத்தனை முறை ஆர்க்கெஸ்ட்ராவோ குழுவோ மாணவர் படைப்புகளை வாசித்துக் காட்டுகிறது, பதிவு கையில் கிடைக்குமா? பதிவு இல்லாத ஸ்கோர் (எழுதிய இசைத்தாள்) அடுத்த விண்ணப்பத்தில் பாதி பலம்தான். ஆய்வுப் பக்கம் போகிறவர்கள், வழிகாட்டியாக நினைக்கும் பேராசிரியரின் சமீபத்திய கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதுங்கள். இன இசையியலில் ஆசை உள்ளவர்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தையும், கர்நாடக இசையைப் பல பத்தாண்டுகளாகப் பாடமாக வைத்திருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தையும் கட்டாயம் பாருங்கள்.

3. பட்டியலைச் சுருக்குங்கள்

ஆறிலிருந்து எட்டுப் பள்ளிகள் போதும். அமெரிக்காவில் ஒரு விண்ணப்பத்துக்குப் பல இடங்களில் 100 டாலரை ஒட்டியோ அதைத் தாண்டியோ வாங்குகிறார்கள். சில பள்ளிகள் முன்தேர்வுக்கு (நேரடித் தேர்வுக்கு முன் வீடியோ பார்த்து வடிகட்டுவதற்கு) தனிக் கட்டணம் வாங்குகின்றன. தேவைப்படுவோருக்குக் கட்டண விலக்கு தரும் பள்ளிகள் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

படிப்புக் கட்டணமே வாங்காத இடங்களும் உள்ளன. யேல் இசைப் பள்ளியில் 2006 முதல் சேர்க்கை பெற்ற எல்லோருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ், லாஸ் ஏஞ்சலிஸின் கோல்பர்ன் கன்சர்வேட்டரி ஆகியவையும் அப்படியே. கர்ட்டிஸில் முதுநிலைப் பட்டம் ஆப்பராவில்தான், மற்றவர்களுக்கு டிப்ளமா போன்ற வழிகள். இந்த மூன்றிலும் இடங்கள் மிகக் குறைவு. விண்ணப்பியுங்கள், ஆனால் இவற்றை மட்டும் நம்பிப் பட்டியல் போடாதீர்கள்.

ஜெர்மனியின் அரசு இசைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு நிர்வாகத் தொகைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஃப்ரைபர்க், கார்ல்ஸ்ரூ, மான்ஹைம், ஸ்டுட்கார்ட், ட்ரோசிங்கன் ஆகிய ஐந்து பள்ளிகளும் அந்த மாநிலத்தில் உள்ளவை. கட்டணம் இல்லை என்றதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஜெர்மன் மொழிச் சான்றிதழ் கேட்பார்கள், சில பிரிவுகளில் வயது வரம்பு உண்டு. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஓர் அளவுக்கு மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) பணம் காட்ட வேண்டும்: 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. மொழிக்கு ஒரு வருடமாவது ஒதுக்க முடிந்தால் மட்டும் இந்த வழியில் இறங்குங்கள்.

4. காலண்டரைப் பின்னாலிருந்து போடுங்கள்

அமெரிக்காவில் ஆகஸ்டில் வகுப்பு தொடங்க வேண்டுமானால், அதற்கு முந்தைய டிசம்பர் 1 வாக்கில் விண்ணப்பமும் முன்தேர்வு வீடியோவும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பல பெரிய பள்ளிகளின் கெடு அந்த நாளில்தான் விழுகிறது. நேரடித் தேர்வுகள் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை. முடிவுகள் மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும்.

பிரிட்டன் இன்னும் முன்னால் போகிறது. ராயல் அகாடமி, ராயல் காலேஜ், ராயல் நார்தர்ன் போன்றவற்றுக்கு யூகாஸ் கன்சர்வேட்டாயர்ஸ் என்ற பொது விண்ணப்பம். அதில் ஆறு இடங்கள்வரை தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தேர்வுக் கட்டணம் தனி. முதுநிலைக்கும் இசைக்கான கெடு அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும். லண்டனின் கில்ட்ஹால் பள்ளிக்குத் தனி விண்ணப்பம். அமெரிக்கக் கெடுவை மனதில் வைத்துக்கொண்டு நவம்பரில் பிரிட்டன் பக்கத்தைத் திறந்து பார்த்து, வாசல் மூடியிருப்பதைக் கண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆக, வீடியோ செப்டம்பரிலேயே எடுத்து முடித்திருக்க வேண்டும். அதற்கு உருப்படிகள் கோடைக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எல்லாப் பள்ளிகளின் உருப்படித் தேவைகளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு பள்ளி பாக்கின் தனி வயலின் உருப்படியில் இரண்டு பகுதி கேட்கும், இன்னொன்று ஃபியூக் (ஒரே மெட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பல குரல்களில் வரும் பகுதி) மட்டும் கேட்கும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் உருப்படிகளை முதலிலேயே தேர்ந்தெடுத்தால் பாதி உழைப்பு மிச்சம்.

5. ஆவணங்கள்

இந்தப் பகுதி அலுப்பானது, ஆனால் விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

மதிப்பெண் பட்டியல்: நீங்கள் படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் வேண்டும். சில பள்ளிகள் அதை ஒரு மதிப்பீட்டு நிறுவனம் வழியாக அமெரிக்க முறைக்கு மாற்றிக் கேட்கும். உங்கள் கல்லூரி தாள்களைக் கொடுப்பதற்கே வாரங்கள் ஆகலாம், மதிப்பீட்டுக்கு மேலும் வாரங்கள். ஜூலையில் தொடங்குங்கள்.

மொழித் தேர்வு: டோஃபெல், ஐஇஎல்டிஎஸ் இரண்டுமே இரண்டு வருடம்தான் செல்லும். இளநிலையின்போது எழுதியது காலாவதியாகியிருக்கலாம். இன்னொன்று: பள்ளி கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும், அசிஸ்டென்ட்ஷிப்பில் (பள்ளியில் வேலை செய்து உதவித்தொகை பெறும் ஏற்பாட்டில்) வகுப்பெடுக்கக் கேட்கும் பேச்சு மதிப்பெண்ணும் வேறுவேறாக இருக்கலாம். இரண்டாவதையும் பாருங்கள்.

பரிந்துரைக் கடிதம்: பெரும்பாலும் இரண்டோ மூன்றோ. ஒருவர் உங்கள் முதன்மை ஆசிரியர். மற்றவர்களில் ஒருவராவது உங்களை ஒத்திகையில் பார்த்தவராக இருக்கட்டும். பெரிய பெயருள்ள ஒருவர் இரண்டு வரி எழுதுவதைவிட, உங்களை நன்கு அறிந்தவர் ஒரு பக்கம் எழுதுவது மேல். ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கெடுத் தேதிகள், பட்டத்தின் சரியான பெயர், உங்கள் உருப்படிப் பட்டியல் மூன்றையும் ஒரே தாளில் கொடுங்கள்.

இவை தவிர சுயவிவரம், நோக்கக் கட்டுரை, உருப்படிப் பட்டியல். இசையமைப்பாளர்களுக்குப் பதிவோடு கூடிய மூன்று நான்கு ஸ்கோர். ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு எழுத்து மாதிரி. கண்டக்டர்களுக்கு ஒத்திகை வீடியோ, அதில் கேமரா குழுவின் பக்கமிருந்து உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியாக, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று இப்போதே பாருங்கள். தலைப்பெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருந்தால், விசா நேரத்தில் தலைவலி.

6. முன்தேர்வு வீடியோ

நேரடித் தேர்வுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை இந்த வீடியோதான் முடிவு செய்கிறது. விதி எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஓர் உருப்படியோ அதன் ஒரு பகுதியோ தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே டேக், நடுவே வெட்டு கூடாது, முகமும் கைகளும் தெரிய வேண்டும். வெவ்வேறு உருப்படிகளை வெவ்வேறு நாளில் எடுக்கலாம்.

செலவு செய்வதென்றால் கேமராவுக்கு வேண்டாம், அறைக்கும் மைக்குக்கும் செய்யுங்கள். இன்றைய கைபேசியின் படம் போதுமானது. அதன் ஒலிதான் போதாது. கைபேசி மைக் சத்தம் கூடும்போது தானாகவே அடக்கி, குறையும்போது தானாகவே உயர்த்தும். நீங்கள் உயிரைக் கொடுத்து வாசித்த ஏற்ற இறக்கமெல்லாம் தட்டையாகிவிடும். ஒரு நல்ல ஸ்டீரியோ ரெக்கார்டரை இரவல் வாங்கி, பதிவு அளவைக் கையால் அமைத்து, உங்களிடமிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். பிறகு அந்த ஒலியை வீடியோவோடு பொருத்துவதைப் பள்ளி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பல பள்ளிகள் அனுமதிக்கும், எதிரொலி சேர்ப்பதைத்தான் அனுமதிக்காது.

உடன் வாசிக்கும் பியானோ கலைஞருக்கு ஒத்திகைக்கும் பதிவுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பதிவுக்கு இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு நாள் இடைவெளியோடு. முதல் நாள் எடுத்ததைக் கேட்டபின் இரண்டாம் நாள் வாசிப்பதுதான் பெரும்பாலும் தேறும். தேர்வுக் குழு முதல் ஒரு நிமிடத்திலேயே நிறைய முடிவு செய்துவிடும், ஆகவே உங்கள் பலம் தெரியும் உருப்படியை முதலில் வையுங்கள். கடைசி நாள் இரவு பதிவேற்றாதீர்கள். வீடியோ பெரிய கோப்பு, எல்லோரும் அதே இரவில்தான் ஏற்றுவார்கள்.

7. நேரடித் தேர்வு

பத்துப் பதினைந்து நிமிடம்தான். நடுவில் நிறுத்துவார்கள், அது நல்லதுமில்லை கெட்டதுமில்லை. பியானோ கலைஞரைப் பள்ளியே தருகிறதா, தனிக் கட்டணமா என்று முன்பே கேளுங்கள். பயணச் செலவு கட்டுப்படியாகாவிட்டால், நேரில் வராமல் வீடியோவாலேயே தேர்வை முடிக்கப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. ஆனால் அந்த வழியில் வருவோருக்கும் ஸ்காலர்ஷிப்பில் சம வாய்ப்பு உண்டா என்று எழுதிக் கேளுங்கள். போகவே முடிந்தால், வாசித்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். ஒரு மாலை இருந்து பயிற்சி அறைகளையும், ஓர் ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகையையும் பாருங்கள்.

8. சேர்க்கைக் கடிதத்தைக் கணக்காக மாற்றுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். கடிதங்கள் மகிழ்ச்சியான மொழியில் வரும். எனக்கு வந்த ஒரு கடிதத்தின் முதல் பத்தியில் "முழுப் படிப்புக் கட்டண விலக்கு" என்று இருந்தது. அது உண்மைதான். ஆனால் கட்டாய மாணவர் கட்டணங்கள், மருத்துவக் காப்பீடு, தனிப்பாடக் கட்டணம் எதுவும் அந்த விலக்கில் சேராது என்பது கட்டண அலுவலகத்தின் பட்டியலைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

கற்பனை எண்களோடு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். முதல் பள்ளியில் படிப்புக் கட்டணம் 30,000 டாலர், முழு விலக்கு. இதர கட்டணம் 2,500, காப்பீடு 3,000, வருட வாழ்க்கைச் செலவு 18,000. அசிஸ்டென்ட்ஷிப்பில் 12,000 கிடைக்கிறது. கையிலிருந்து போவது வருடத்துக்கு 11,500. இரண்டாவது பள்ளி பெரிய நகரத்தில். கட்டணம் 50,000, "திறமைக்காக 30,000 டாலர் ஸ்காலர்ஷிப்" என்று கடிதம். மீதிக் கட்டணம் 20,000, இதர கட்டணம் 1,000, காப்பீடு 3,500, வாழ்க்கைச் செலவு 26,000. கையிலிருந்து 50,500. இரண்டு வருடத்தில் 23,000 ஒரு பக்கம், 1,01,000 மறுபக்கம். கடிதத்தை மட்டும் படித்தால் இரண்டாவதுதான் கௌரவமாகத் தோன்றும்.

அசிஸ்டென்ட்ஷிப் என்றால் வேலை. முழு அளவு என்பது பொதுவாக வாரம் 20 மணி நேரம்: கோட்பாட்டு வகுப்பு எடுப்பது, நூலகம், பாடகர்களுக்குப் பியானோ வாசிப்பது. பியானோ படிக்கிறவர்கள் மணிக்கணக்கைக் கட்டாயம் எழுத்தில் வாங்க வேண்டும். சோப்ரானோ ஒருவரின் ஒத்திகை நீண்டுகொண்டே போனால் அது உங்கள் பயிற்சி நேரத்திலிருந்துதான் கழியும். உதவித்தொகை பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கு மட்டும், கோடையில் மூன்று மாதம் கிடையாது. அதற்கு வருமான வரியும் உண்டு. இரண்டாம் வருடம் தானாகத் தொடருமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும் என்பதைக் கேளுங்கள்.

பொறி: எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அசிஸ்டென்ட்ஷிப் அதை முழுதாக எடுத்துக்கொண்டால் வேறு வேலைக்கு இடமில்லை. வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றிப் பணம் வாங்கிக் கச்சேரி வாசிப்பதும், வீட்டில் பாடம் சொல்லிக்கொடுப்பதும் விசா மீறல். இசைக்கலைஞர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும், கூட இருப்பவர்களும் கூப்பிடுவார்கள். பள்ளியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளவே கூடாது. பிரிட்டனின் மாணவர் விசாவிலும் சுயதொழிலாக வாசிக்க அனுமதி இல்லை. பக்க வருமானம் வரும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

பேரம் பேசலாமா? மரியாதையாகக் கேட்கலாம். "உங்கள் பள்ளியே என் முதல் தேர்வு. இன்னொரு பள்ளி இவ்வளவு தருகிறது, மறுபரிசீலனை செய்ய வழி உண்டா?" என்று கடிதத்தை இணைத்து எழுதுங்கள். முதல் தேர்வாக இல்லாத பள்ளிக்கு இப்படி எழுதாதீர்கள். இசை உலகம் சிறியது, ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள்.

9. சேர்ந்த முதல் வாரத் தேர்வு

பல அமெரிக்கப் பள்ளிகளில் போய் இறங்கியதும் இசைக் கோட்பாடு, காதுப் பயிற்சி, மேற்கத்திய இசை வரலாறு மூன்றிலும் நிலை அறியும் தேர்வு வைப்பார்கள். தேறாதவர்கள் மீள்பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும். அந்த வகுப்புகளின் கிரெடிட் பட்டத்தில் சேராது, ஆனால் பணம் கட்ட வேண்டும், சில சமயம் பட்டமே ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். இரண்டு பள்ளிகளுக்கு நடுவே தடுமாறினால், இந்தத் தேர்வு எப்படி, மறுபடி எழுதலாமா, கோடையில் இணையம் வழியாக முடிக்கலாமா என்பதையும் தராசில் வையுங்கள். பாட்டுக்குப் போகிறவர்களுக்கு இத்தாலியன், ஜெர்மன், ஃபிரெஞ்சு உச்சரிப்பும், ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு மொழி வாசிப்புத் தேர்வும் இருக்கும்.

10. ஏப்ரல் 15, அதன் பிறகு

அமெரிக்காவில் நிதியுதவியோடு வரும் முதுநிலைச் சேர்க்கைக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லக் கட்டாயமில்லை என்று கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் அமைப்பின் உடன்பாடு ஒன்று உண்டு. நிறையப் பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டவை. மார்ச்சிலேயே "ஒரு வாரத்தில் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்தினால், இந்தத் தேதியை நினைவூட்டிப் பணிவாக அவகாசம் கேளுங்கள். எல்லாப் பள்ளிகளும் கையெழுத்திடவில்லை, ஆகவே உங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முடிவெடுத்ததும், வேண்டாம் என்று சொல்லும் பள்ளிகளுக்கு அன்றே எழுதுங்கள், ஆசிரியருக்குத் தனியாக ஒரு நன்றிக் கடிதத்தோடு. காத்திருப்புப் பட்டியலில் உள்ள ஒருவருக்கு அந்த இடமும் அந்தப் பணமும் போய்ச் சேரும்.

முன்பணம் கட்டியதும் ஐ-20 படிவத்துக்கு (மாணவர் விசாவுக்காகப் பள்ளி தரும் சான்றுக்கு) விண்ணப்பியுங்கள். முதல் வருடச் செலவு முழுவதற்கும் நிதி ஆதாரம் காட்ட வேண்டும். ஸ்காலர்ஷிப் கடிதமும் அசிஸ்டென்ட்ஷிப் கடிதமும் அதில் கணக்கில் சேரும், மீதிக்கு வங்கிச் சான்று. விசா கட்டணம் தவிர செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவு முறை) கட்டணம் 350 டாலர். பட்டம் முடிந்தபின் துறை சார்ந்த வேலைக்கு ஓபிடி அனுமதி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு வாசிப்புப் பட்டத்துக்குக் கிடையாது. இசைத் தொழில்நுட்பப் படிப்பு என்றால், அதன் வகைக் குறியீட்டைச் சேர்க்கை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கையில் பழைய வில்லோ வாத்தியமோ இருந்தால் மே மாதமே ஒரு வாத்தியப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். வில்லின் நுனித் தகட்டில் யானைத் தந்தமோ, வாத்தியத்தில் பிரேசில் ரோஸ்வுட்டோ இருந்தால், எல்லை தாண்ட சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி வேண்டியிருக்கும். அது வர மாதக்கணக்கில் ஆகலாம். தந்தம் என்று உறுதியானால், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வேறு வில்லில் ஜூன் முதலே பழகத் தொடங்குவதுதான் எளிது.